பாதி நாக்கு

வாயத் தொறந்தா வலிக்குது, மூடிக்கிட்டு உக்காந்தாலும் வலிக்குது, அப்பறம் எதுக்கு மூடணும்னுதான் பக்கத்துல இருந்த ஒரு அம்மாகிட்டப் பேச்சுக் குடுத்தேன், எந்த ஊருங்க, எப்பப் புடிச்சு வர்றீங்கன்னு. அந்தம்மா மூக்குல ஒரு குழாய், அதக் கன்னத்தோரமா வளைச்சுப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்குது. என்னையப் பாத்துத் தலைய மட்டும் ஆட்டுச்சு, கையால ஏதோ காட்டுச்சு, எனக்குப் புரியல, புரிஞ்ச மாதிரி நானும் தலைய ஆட்டிட்டு இக்கட்டால திரும்பிக்கிட்டேன். திரும்பின பக்கம் ஊட்டுக்காரர், மடியில மஞ்சப்பை, கண்ணு அந்தக் கதவு மேல. கதவுக்கு அந்தப்புறம் டாக்டருங்க. மத்த நாள்ல ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு கட்டடத்துல இருப்பாங்களாம், இன்னைக்கு மட்டும் அறுக்கறவங்க, கரண்டு வைக்கறவங்க, மருந்து ஏத்தறவங்க, பல்லுக்காரங்க, எல்லாரும் ஒட்டுக்கா ஒரே ரூம்ல உக்காந்து பாப்பாங்கன்னு நர்சம்மா சொல்லுச்சு. டாக்டருக்குப் படிக்கற புள்ளைங்க வேற, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டு, கதவு தொறக்கறப்பெல்லாம் கூட்டமாத் தெரியறாங்க. ஒரு நாக்கப் பாக்க இத்தனை பேரா. நாக்கு மறுபடியும் அங்கயே போகுது, பாரு, வேண்டாம் வேண்டாம்னு நெனைக்க நெனைக்க எடது பக்கம் கடவாய்ப் பல்லோரமாப் போயி உரசிக்குது. அந்தப் பல்லு ஒடைஞ்சு ரொம்ப நாளாச்சு, ஒடைஞ்ச மொனை குத்திக் குத்தித்தான் புண்ணாச்சுன்னு நான் நெனைச்சேன், சூடுன்னு நெனைச்சேன், மணத்தக்காளிக் கீரைய வதக்கித் தின்னேன், தேங்காப்பால் குடிச்சேன், மெடிக்கல்ல கேட்டுச் சிவப்பு மாத்திரை முழுங்கினேன். ஆறாத புண்ணு ஒண்ணு ஒலகத்துல உண்டா, எந்தப் புண்ணும் ஒரு நாள் ஆறித்தான தீரணும்.

பள்ளிக்கோடத்துக்குப் பல்லு பாக்க வந்த டாக்டர்ப் பொண்ணுதான் கண்டுபுடிச்சுது. அது புள்ளைங்க பல்லப் பாக்க வந்துது, நான் அங்க சத்துணவுச் சமையக்கட்டுல சாம்பார எறக்கி, உப்பு சரியான்னு ஒரு சொட்டு உள்ளங்கையில ஊத்தி நாக்குல வெச்சேன், சுருக்குன்னுச்சு, மொகத்தச் சுளிச்சேன், அந்தப் பொண்ணு தண்ணி கேட்டு வந்தது அப்பவே நின்னு, எங்க நாக்க நீட்டுங்கக்கான்னுது. நான் சிரிச்சுக்கிட்டே நீட்டினேன். ஊருல அல்லாரும் வசந்தாமணிக்கு நாக்கு நீளம்னுதான் சொல்லுவாங்க, இப்பத்தான் ஒருத்தர் நீட்டச் சொல்றாங்கன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு சிரிக்கல. கையுறை மாட்டிக்கிட்டு நாக்கு நுனியப் புடிச்சு வலது பக்கமா இழுத்துப் பாத்துட்டு, எத்தனை நாளா இருக்குதுன்னு கேட்டப்போ அது கொரலு மாறிப் போச்சு. அந்தக் கொரலத்தான் இன்னைக்கு வரைக்கும் மறக்க முடியல. சதை கிள்ளி டெஸ்ட்டுக்கு அனுப்புனது, ரிசல்ட் வந்தது, கேன்சர்னு சொன்னது, அதெல்லாம் கூட அப்படி இல்ல, ஒரு சின்னப் பொண்ணு கொரலு நடுவுல மாறுச்சு பாரு, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. மகளுக்கு இன்னும் சொல்லல. ஓசூர்ல இருக்கறா, பல்லுக் காட்டப் போறேன்னு சொல்லி வெச்சிருக்கறேன். போன்லயே கண்டுபுடிச்சாலும் கண்டுபுடிச்சுருவா, ஏம்மா ஒரு மாதிரிப் பேசறேன்னு கேட்டா, வாயில பஞ்சு வெச்சிருக்காங்க கண்ணுன்னு சொன்னேன். அவரு அக்கட்டால இருந்துக்கிட்டு நான் பொய் சொல்றதப் பாத்துக்கிட்டே இருந்தார். கேக்கல அவுருக்கு, பாத்தார். காது போயி வருசம் பல ஆச்சு. வெடலையா இருக்கறப்பவே விசைத்தறிக் குடோனுக்குள்ள போனவரு, பகல் ராத்திரின்னு அந்தச் சத்தத்துலயே நின்னு நின்னு ரண்டு காதும் மந்தமாயிருச்சு. மிசின் வாங்கிக் குடுத்தா இரைச்சலா இருக்குதுன்னு கழட்டி வெச்சுட்டார். வாயப் பாப்பார், புரிஞ்சுக்குவார். ஊருல மத்தவங்க வாய்ல பாதிதான் புரியும், என்ற வாய்ல முழுசும் புரியும். ஏன்னா நானும் அதே குடோன்ல தறிக்கு நூல் தார் சுத்தினவ. தறி ஓடறப்போ ஆரும் சத்தம் போட்டுப் பேச மாட்டாங்க, போட்டாலும் கேக்காது, உதட்டையும் நாக்கையும் நல்லா அசைச்சுச் சத்தமே இல்லாமப் பேசிக்குவோம். அவரு மொத மொத எங்கிட்டப் பேசுனதே அப்படித்தான், எதிர்ல நின்னு, சாப்பிட்டாச்சான்னு வாயசைச்சார், நான் ஆச்சுன்னு வாயசைச்சேன். அத்தனை சத்தத்துக்கு நடுவுல ரண்டு பேருக்கு மட்டும் ஒண்ணுமே சத்தமில்ல. இப்ப அதெல்லாம் எதுக்கு ஞாபகம் வருது. உள்ள என்ன பண்றாங்க இவங்க. இந்தாஸ்பத்திரில வந்ததுல இருந்து அவுரு ரொம்பத் தெகைச்சுப் போயிட்டார், எல்லாரும் மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போட்டிருக்காங்க, வாட்ச்மேன், நர்சு, டாக்டரு, ஒருத்தர் வாயும் தெரியல. அவுருக்கு இந்தக் கட்டடம் முழுக்க வாய் தெரியற ஆளு நான் ஒருத்திதான். அந்த வாயத்தான இப்ப.

வசந்தாமணின்னு கூப்பிட்டாங்க. எந்திரிச்சேன், அவரு கையப் புடிச்சு எழுப்பிக்கிட்டு உள்ள போனேன். நடுவுல ஒரு சாய்வு நாற்காலி, அதச் சுத்தி அரை வட்டமா டாக்டருங்க, பின்னாடி படிக்கற புள்ளைங்க, செவுத்துல பெரிய டிவி, டிவியில கறுப்பும் வெள்ளையுமா ஒரு படம். தேங்காய அரையா ஒடைச்சு வெச்ச மாதிரி ஒரு தலை, உத்துப் பாத்தாத்தான் தெரியுது, அது என்ற தலை. ஸ்கேன் படமாம். என்ற நாக்கு அங்க வெளுப்பாத் தெரியுது, அதுல ஓரமா ஒரு எடம் இன்னும் வெளுப்பா. ஆருக்கும் காட்டாத எடத்தையெல்லாம் இப்படிச் செவுத்துல போட்டு வெச்சிருக்காங்களே. அவரப் பின்னால ஒரு ஸ்டூல்ல உக்கார வெச்சாங்க. பெரிய டாக்டரம்மா, நரைச்ச தலை, கண்ணாடி, வாயத் தொறங்கன்னாங்க. தொறந்தேன். ஒருத்தர் டார்ச் அடிச்சார், ஒருத்தர் மரக்குச்சியால கன்னத்த ஒதுக்கினார், ஒருத்தர் வெரல உள்ள விட்டு நாக்க அழுத்தி அழுத்திப் பாத்தார், கண்ணுல தண்ணி வந்துருச்சு. இன்னொருத்தர் பின்னால நின்னு கழுத்த ரண்டு கையாலயும் தடவிப் பாத்தார், சந்தையில ஆட்டப் புடிச்சுப் பாக்கற மாதிரின்னு நெனச்சேன், நெனச்ச ஒடனே சிரிப்பு வந்துது, வாயத் தொறந்து வெச்சிருக்கறப்போ எப்படிச் சிரிக்கறது. பொகையிலை போடுவீங்களாம்மா. இல்லீங்க. ஹான்ஸ், பாக்கு? இல்லீங்க. வேற ஏதாவது? ஒவ்வொருத்தரும் கேக்கறாங்க, ஒருத்தர் கேட்டது இன்னொருத்தர் காதுல விழாதா. போட்டதே இல்லீங்க, வெத்தலை கூடக் கல்யாணங் காச்சின்னாத்தான்னு சொன்னேன், சொல்றப்போ என்னமோ திருடிட்டு இல்லைன்னு சொல்ற மாதிரியே இருந்துது. அப்பறம் எனக்கு ஏன் வந்துதுன்னு கேட்டேன். பெரிய டாக்டரம்மா டார்ச்ச அணைச்சுட்டு, சில பேருக்கு ஏன் வருதுன்னு எங்களுக்கே தெரியாதும்மா, நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணலன்னாங்க. அது ஒண்ணுதான் அந்த ரூமுல எனக்கு நல்லா இருந்துது.

அப்பறம் அவங்களுக்குள்ள இங்கிலீசுல பேசிக்கிட்டாங்க. ஒருத்தர் ஏதோ சொல்றாரு, பெரிய டாக்டரம்மா இல்லைங்கறாங்க, படத்துகிட்டப் போயிப் பென்சிலால காட்டறாங்க, இன்னொருத்தர் தலையக் கோணலா வெச்சு யோசிக்கறாரு. எனக்கு எதுவும் புரியல, ஆப்ங்கறது மட்டும் திரும்பத் திரும்பக் காதுல விழுந்துது. ஆப்னா அரை, பள்ளிக்கோடத்துல டீச்சருங்க ஆப் டே லீவுன்னு சொல்லுவாங்களே, அந்த ஆப். எதுல அரை, மருந்துல அரையா, நாளுல அரையா. கண்ணாடி போடாத டாக்டர் ஒருத்தர் என்ற எடது கையப் புடிச்சு மணிக்கட்டுல ரண்டு பக்கமும் அழுத்தி, வெரல மடக்கி நீட்டச் சொன்னார், உள்ளங்கை வெளுத்து மறுபடி செவந்துது, சரிங்கற மாதிரி தலைய ஆட்டிட்டுப் பேனாவால முன்னங்கையில ஒரு நீளக் கட்டம் போட்டார். வாயில புண்ணுன்னு வந்தா கையில கோடு போடறாங்களேன்னு பாத்துக்கிட்டே இருக்கறேன், அப்பத்தான் பெரிய டாக்டரம்மா முன்னாடி ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து, தமிழ்ல, மெதுவா, ஒண்ணு ஒண்ணாச் சொன்னாங்க. நாக்குல எடது பாதிய எடுத்தாகணும். கழுத்துல கட்டி பரவியிருக்கலாம், அதையும் எடுக்கணும். எடுத்த எடத்துல கையில இருந்து சதையும் ரத்தக் கொழாயும் எடுத்து வெச்சுப் புதுசா ஒரு பாதி பண்ணி ஒட்டுவாங்க, கோடு போட்டாரே, அவருதான் பண்ணுவாரு. மூக்கு வழியாக் கொஞ்ச நாளைக்குச் சாப்பாடு. ஆறினதும் ரேடியேசன்னு கரண்டு வைக்கணும், அதுக்கு முன்னாடி கெட்ட பல்லு எல்லாத்தையும் புடுங்கணும், இல்லைன்னா தாடை எலும்பு கெட்டுப் போகும். நாங்க எல்லாருமாப் பேசித்தான் இந்த முடிவுக்கு வந்திருக்கோம்மா, தள்ளிப் போடாதீங்க, இப்பப் பண்ணினாப் பொழைக்கறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. பேச்சுங்க, அப்படின்னேன். பேசலாம், முன்ன மாதிரித் தெளிவா இருக்காது, பயிற்சி குடுப்போம். ருசி? கொறையும். நான் ஊட்டுக்காரரத் திரும்பிப் பாத்தேன். அவரு ஸ்டூல்ல முன்னால சாஞ்சு ஒவ்வொரு மாஸ்க்கா மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டிருக்கார், கண்ணு அலையுது, துணிக்குப் பின்னால அசையறது மட்டும் தெரியுது, ஒரு சொல்லு கூட அவுருக்குப் போயிச் சேரல. சித்த வெளிய போயி யோசிச்சுச் சொல்றனுங்கன்னு சொன்னேன். உங்க ஊட்டுக்காரர் கூடப் பேசிட்டு வாங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க, இங்கதான் இருப்போம்.

பாதி. வெளிய வராண்டா நடையில நடக்கறேன், அவரு பின்னாடி வர்றாரு, பாதி பாதின்னு காலும் அதையே சொல்லுது. எந்தப் பாதியில பேச்சு இருக்குது, எந்தப் பாதியில உப்பு இருக்குது, இத்தனை வருசம் வாய்க்குள்ள வெச்சிருந்தும் தெரியலையே. அண்டா நெறையச் சாம்பார் கொதிக்கறப்போ ஒரு சொட்டுல மொத்தமும் சொல்லிருவேனே, உப்பா புளியான்னு, இனி ஆரக் கேக்கறது. கையில இருந்து எடுத்த சதை சாம்பாரப் பத்தி என்ன சொல்லும், அதுக்கு என்ன தெரியும், அது பாட்டுக்குக் கரண்டியப் புடிச்சுக்கிட்டு இருந்த சதை. புள்ளைங்கள வரிசையில நில்லுங்கன்னு சத்தம் போட்டா நிய்யுங்கன்னு வருமா, ஒழுங்கா வராத வாயப் பாத்து அதுக சிரிக்குமா. சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போகுதுக. அதல்ல. நான் நின்னுட்டேன், சன்னலோரமா, கீழ மரத்தடியில எல்லாரும் பொட்டணத்தப் பிரிச்சுச் சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க, எல்லார் வாயும் அசையுது. அதல்ல, வேறொண்ணு, அதத்தான் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டு கிட்டப் போக மாட்டேங்கறேன். பாதி நாக்கு போயி, பாதி வேறயாயி, வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சுன்னா, அவரு எதப் பாத்துப் புரிஞ்சுக்குவார். அவுரு ஒலகத்துக்கு ஒரு சன்னலுதான் இருக்குது. அதச் சாத்திட்டா உள்ள அவுரு, வெளிய நான், ரண்டு பேரும் ஒரே ஊட்டுல ஆளுக்கொரு மூலையில. அதுக்குச் சும்மா இருந்துட்டா என்ன. ஊட்டுக்குப் போயிருவோம், நாட்டு மருந்து குடுக்கறாங்களாம் எங்கயோ, சாப்பிடுவோம், இருக்கற வரைக்கும் வாயோட இருப்போம். அவுருக்குத்தான் ஒண்ணும் கேக்கலையே. நான் என்ன சொல்றனோ அதுதான டாக்டர் சொன்னது.

அவரு முன்னால வந்து நின்னு என்ற வாயப் பாத்தார். நடையில கூட்டம், டிராலி போகுது, ஆரோ பேரு கூப்பிடறாங்க. நான் சிரிச்சேன். மாத்திரை எழுதிக் குடுக்கறாங்களாம், சாப்பிட்டாக் கரைஞ்சுருமாம், ஊட்டுக்குப் போலாம் வாங்கன்னேன். தெளிவாச் சொன்னேன், ஒவ்வொரு எழுத்தும் புரியற மாதிரி. அவரு வாயப் பாத்தார், அப்பறம் கண்ணப் பாத்தார், அப்பறம் என்ற எடது கையப் புடிச்சுத் திருப்பினார். "மாத்திரைக்கு எதுக்குக் கையில கோடு போட்டாங்க?" காது மந்தமானவங்களுக்குத் தன்ற சத்தம் தெரியாது, நடை முழுக்கக் கேட்டுது, அக்கம் பக்கத்துல திரும்பிப் பாத்தாங்க. மெதுவாப் பேசுங்கன்னு கையக் காட்டினேன். "எதுக்கு அம்மிணி கோடு?" மறுபடியும். கைய விடல. அந்தக் கட்டத்து மேல கட்டைவிரல வெச்சிருந்தார், நூலு அறுந்த எடத்தத் துணியில தேடறப்போ அப்படித்தான் வெப்பார். அத்தனை பேர் கேக்க எப்படிச் சொல்றது, சத்தம் வேற வர மாட்டேங்குது, வந்தா அழுகையாத்தான் வரும். அப்பத்தான் சத்தமில்லாம வாயசைச்சேன். குடோன்ல பேசற மாதிரி. நாக்குல பாதி எடுக்கறாங்களாம். கையில இருந்து சதை எடுத்து வெப்பாங்களாம். என்ற பேச்சு மாறிப் போகும். உங்களுக்குப் புரியாது. கடைசியச் சொல்ல முடியல, உதடு நடுங்குச்சு, மறுபடி முதல்ல இருந்து அசைச்சேன், உங்களுக்கு, நான் பேசறது, புரியாது. நடையில ஒருத்தருக்கும் தெரியல. பக்கத்துல ஒரு அம்மா பிளாஸ்க்க மூடிக்கிட்டிருந்துச்சு, நான் என்ற உசுரையே எடுத்து வெளிய வெச்சிட்டு நிக்கறேன், அதுக்கு ஒண்ணுமே கேக்கல.

அவரு ரொம்ப நேரம் வாயையே பாத்துக்கிட்டு நின்னார். நான் பேசி முடிச்சும் பாத்துக்கிட்டு நின்னார். அப்பறம் சொன்னார், மறுபடியும் அந்தச் சத்தத்துல, மொத்த நடையும் திரும்பற மாதிரி, "மீதிப் பாதி இருக்குதல்ல?" டிராலி தள்ளிக்கிட்டு வந்தவன் நின்னுட்டான். "அதுல பேசு. புரியாட்டி ரண்டு தடவ சொல்லு. எனக்கென்ன வேற சோலி?" கோவமாத்தான் சொன்னார். ஊட்டுக்குப் போலாம்னு பொய் சொன்னதுக்குக் கோவம், கண்ணு செவந்து போச்சு, மஞ்சப்பையக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுக் கதவப் பாத்து அவரே மொதல்ல நடந்துட்டார். நான் பின்னாடியே போறேன், அழறனா சிரிக்கறனான்னு எனக்கே தெரியல, எடது பக்கம் விண்ணு விண்ணுன்னு வலிக்குது. பயம் போயிருச்சான்னு பாத்தேன், போகல, அங்கயேதான் இருந்துது, கூடவே நடந்து வந்துது. உள்ள வேற ஒருத்தர் நாற்காலியில வாயத் தொறந்துக்கிட்டு இருந்தார். பெரிய டாக்டரம்மா என்னையப் பாத்தாங்க. சரிங்கன்னு சொன்னேன். வேற எதுவும் சொல்ல வரல, ஊருல நம்ப மாட்டாங்க, வசந்தாமணி ஒரு சொல்லோட நிறுத்திக்கிட்டான்னு சொன்னா. திங்கக்கெழமை வந்து படுத்துருங்கம்மா, அதுக்கு முன்னாடி பல்லுக்குப் போங்க, பேச்சுப் பயிற்சிக்குப் போயிட்டு வந்துருங்கன்னாங்க.

பேச்சுப் பயிற்சின்னா கோடியில ஒரு சின்ன ரூம், ஒரு கண்ணாடி, ஒரு மேசை, மேசை மேல ஒரு பொட்டியும் மைக்கும். பயிற்சி குடுக்கற பொண்ணு ஒல்லியா, மூக்குத்தி போட்டுது, பேரு யாழினின்னுது. அப்பாவுக்குக் காது கேக்காதாம்மான்னு எங்கிட்டக் கேட்டுது, கேக்காது கண்ணு, வாயப் பாத்துத்தான்னு சொன்னேன். ஒடனே அது எந்திரிச்சு நாலடி தள்ளிப் போயி நின்னு, மாஸ்க்கக் கழட்டிட்டு, அவரப் பாத்துத் திரும்பி நிதானமாச் சொல்லுச்சு. அம்மாவுக்குச் சில எழுத்து வராதுங்கப்பா, ல, ர, த மாதிரி நாக்கு தொடற எழுத்தெல்லாம் கொழறும். உதட்டுல பேசற எழுத்து நல்லா வரும். அம்மாவுக்கு நான் பேசக் கத்துக் குடுக்கறேன், உங்களுக்குப் பாக்கக் கத்துக் குடுக்கறேன், ரண்டு பேருமே வரணும். அவரு காலையில இருந்து மொத மொத அந்தக் கட்டடத்துல ஒருத்தர் சொன்னதப் புரிஞ்சுக்கிட்டு, வர்றனுங்க, வர்றனுங்கன்னு எந்திரிச்சு நின்னுட்டார். உக்காருங்கன்னு நான் வேட்டியப் புடிச்சு இழுத்தேன். அறுக்கறதுக்கு முன்னாடி எப்படிப் பேசறீங்கன்னு பதிஞ்சு வெச்சுக்கணும்மா, அப்பறம் அதோட ஒத்துப் பாப்போம்னு அந்தப் பொண்ணு மைக்க எம் பக்கம் தள்ளுச்சு. ஏதோ படம் காட்டுச்சு, சொன்னேன், லாரி, தட்டு, நரி, ராட்டினம். எல்லாம் சுத்தமா வந்துது, வலியோட வந்துது, ஒவ்வொண்ணச் சொல்றப்பவும் இத இனி இப்படிச் சொல்ல மாட்டேன், இத இனி இப்படிச் சொல்ல மாட்டேன்னு உள்ள ஒண்ணு ஓடிக்கிட்டே இருந்துது. இப்ப உங்களப் பத்திச் சொல்லுங்க, பேரு, ஊரு. வசந்தாமணி. வெள்ளகோயில் பக்கம். என்ன வேலைங்கம்மா? சத்துணவுல சமையல். ஊட்டுக்காரர் பேரு?

நிறுத்திட்டேன். அந்தப் பொண்ணு நான் மறந்துட்டேன்னு நெனச்சுதோ என்னமோ, பாத்துக்கிட்டு இருந்துது. கல்யாணமாகி இத்தனை வருசத்துல ஒரு தடவ கூட அந்தப் பேரச் சொன்னதில்ல. எங்க பக்கத்துல சொல்ல மாட்டாங்க. ரேசன் கடையில கேட்டாக் கார்டக் காட்டுவேன், பேங்குல கேட்டா மகளச் சொல்லச் சொல்லுவேன், கூப்பிடணும்னா ஏனுங், அவ்வளவுதான், காது நல்லா இருந்த காலத்துலயும் ஏனுங்தான். சொல்லாமயே ஒரு ஆயுசு ஓடிப் போச்சு. திங்கக்கெழமைக்கு அப்பறம் சொன்னா அது எப்படி வரும்னு தெரியாது. மைக்கு செவப்பு வெளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்குது. அவரு எதிர்ல, ரண்டு கையும் முழங்கால் மேல, எப்பவும் போல வாயையே பாத்துக்கிட்டு. எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு, புதுப்பொண்ணாட்ட. நாக்க மேல தூக்கி, பல்லுல வலிக்க வலிக்க, ஒவ்வொரு எழுத்தாச் சொன்னேன்.

"சென்னியப்பன்."

அவரு தலைய நிமித்தினார். "என்னம்மிணி?"ன்னு கேட்டார், ஏனுங்னு கூப்பிட்டாக் கேக்கற மாதிரியே.